கத்தி எதுல செஞ்சது? கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ், செராமிக்: எதுல என்ன லாபம், என்ன நஷ்டம்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே உள்ளது.)

போன பகுதியில சாணைக்கல் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "எந்த ஸ்டீல் கத்தி வாங்கலாம்?" நியாயமான கேள்வி. கடைக்குப் போனா நூறு ரூபாய்க்கும் கத்தி இருக்கு, பத்தாயிரம் ரூபாய்க்கும் இருக்கு. ரெண்டும் பளபளன்னுதான் இருக்கு. அட்டையில எழுதியிருக்கிறதைப் படிச்சா ரெண்டுமே உலகத்திலேயே சிறந்த கத்தி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். எல்லா வேலைக்கும் சிறந்த அலகுன்னு ஒண்ணு கிடையாது. ஒரு குணத்தைக் கூட்டினா இன்னொரு குணம் குறையும். இது எந்தக் கம்பெனியாலும் தப்பிக்க முடியாத கணக்கு. அதனால கத்தி வாங்கும்போது "எது நல்லது"ன்னு கேக்கறதோட, "இதுல இருக்கிற குறையை என்னால சமாளிக்க முடியுமா"ன்னும் கேக்கணும். அந்த ரெண்டாவது கேள்வியைக் கேக்காம வாங்கின கத்திகள்தான் பல வீடுகள்ல டிராயருக்குள்ள தூங்கிட்டு இருக்கு.

இது வெறும் காசு விஷயம் இல்லை. கூரான கத்தி ஆபத்து, மொட்டைக் கத்தி பத்திரம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மொட்டைக் கத்தியால தக்காளியை வெட்டிப் பாருங்க. தோல் மேல வழுக்கும். அதனால அழுத்துவோம். அழுத்தி வழுக்கினா அது போற இடம் நம்ம இடது கை விரல். சமையலறையில வெட்டுப்படறதுக்குப் பெரிய காரணம் இந்த அழுத்தம்தான்.

மூணு குணம்

அலகுப் பொருளை எடைபோட மூணு குணம் தெரிஞ்சா போதும். கடினம், முறியாத் தன்மை, துருப்பிடிக்காத் தன்மை.

முதல் ரெண்டையும் பலர் ஒண்ணுன்னு நினைப்பாங்க. பீங்கான் தட்டையும் அலுமினியத் தட்டையும் எடுத்துக்குங்க. பீங்கான் மேல ஸ்பூனால கீறினா லேசுல கோடு விழாது. அது கடினம். ஆனா கை தவறிக் கீழ விழுந்தா சுக்கு நூறு. அலுமினியத் தட்டுல ஈஸியா கோடு விழும். ஆனா கீழ விழுந்தா நசுங்குமே தவிர உடையாது. அது முறியாத் தன்மை. கத்தியிலயும் இதே கதைதான். கடினமான விளிம்பு ரொம்ப நாள் கூரா இருக்கும். எலும்புல பட்டா சில்லு பெயரும். மென்மையான விளிம்பு சீக்கிரம் மடங்கி மழுங்கும், ஆனா உடையாது.

கத்தி எஃகோட கடினத்தை ராக்வெல் சி அளவுல சொல்வாங்க. ஒரு சின்ன வைர முனையை உலோகத்துல குறிப்பிட்ட பாரத்தோட அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பாக்கறது. நம்ம கடைகள்ல கிடைக்கிற சாதாரணக் கத்தி பொதுவா 50-களோட முதல் பாதியில இருக்கும். ஜெர்மன் பாணிக் கத்திகள் 55-லேர்ந்து 58 வரை. ஜப்பானியக் கத்திகள் 60-ஐத் தாண்டும். அஞ்சாறு எண் வித்தியாசம்தானேன்னு தோணும். கையில பிடிச்சு ஒரு மாசம் வேலை செஞ்சா அது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு தெரியும்.

இந்தக் கடினம் எங்கேர்ந்து வருது? முக்கியமா கார்பன்லேர்ந்து. இரும்புல 0.5 சதவீதம், 1 சதவீதம்னு கொஞ்சமா கார்பன் கலந்து, பழுக்கக் காய்ச்சி, சட்டுனு எண்ணெயிலோ தண்ணியிலோ தோய்ச்சா எஃகு இறுகிடும். அந்த நிலையில அது கண்ணாடி மாதிரி. தட்டினா உடைஞ்சிடும். அதனால மறுபடி கொஞ்சமா சூடாக்கி, இறுக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பதமாக்குவாங்க. ஒரே எஃகை ரெண்டு பட்டறையில கொடுத்தா ரெண்டு விதமான கத்தி வர்றது இதனாலதான். சமையல்ல மட்டும் இல்லை, கொல்லுப்பட்டறையிலயும் கைப்பக்குவம்தான் பாதி.

கார்பன் ஸ்டீல்: கூர் தரும், கவனிப்பு கேட்கும்

நம்ம பாட்டிமார் வெச்சிருந்த அரிவாள்மணை, கறிக்கடை வெட்டுக்கத்தி, தேங்காய் வெட்டுற அரிவாள் எல்லாம் இந்த வகைதான். இரும்பு, கார்பன், மத்ததெல்லாம் ரொம்பக் கொஞ்சம்.

இதோட பெரிய பலம் என்னன்னா, சாணை பிடிக்கிறது சுலபம். ஒரு சாதாரணக் கல்லுல பத்து நிமிஷம் தேய்ச்சா நல்ல கூர் வந்துடும். உள்ளே பெரிய கட்டி கட்டியான குரோமியம் கார்பைடு துகள்கள் இல்லாததால விளிம்பை ரொம்ப மெல்லிசா தீட்ட முடியும். மீன் மார்க்கெட்டுல சுத்தம் பண்ணித் தர்றவங்களைப் பாருங்க. நடுநடுவுல கல்லுல நாலு இழுப்பு இழுத்துட்டு வேலையைத் தொடர்வாங்க. அவங்களுக்கு அந்த நாலு இழுப்புல கூர் திரும்பி வர்றதுதான் முக்கியம். கத்தி கறுப்பா இருக்கேன்னு யாரும் கவலைப்படறதில்லை.

குறை? துரு. ஈரத்தோட ஒரு ராத்திரி சிங்க்ல கிடந்தா காலையில செம்பழுப்புப் புள்ளி வந்திருக்கும். கடலோர ஊர்கள்ல, உப்புக் காத்துல, இன்னும் வேகமா வரும். அதோட நம்ம சமையல் புளிப்பு அதிகமான சமையல். எலுமிச்சை, மாங்காய், தக்காளி, புளி எல்லாமே அமிலம். வெட்டி முடிச்சதும் கழுவித் துடைக்கலைன்னா அலகு கறுக்கும்.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். சாம்பல், நீலம், கறுப்புன்னு நிறம் மாறுறது கெடுதல் இல்லை. அது மேல படிஞ்ச இறுக்கமான ஒரு படலம். அடியில இருக்கிற உலோகத்தைக் கொஞ்சம் காப்பாத்தவும் செய்யும். செம்பழுப்பு நிறத்துல பொடியா உதிர்றதுதான் துரு. அதைத் தேய்ச்சு எடுத்துடணும்.

இன்னொண்ணு: வாழைக்காய், வாழைப்பூவை இரும்புக் கத்தியால வெட்டினா காயும் கத்தியும் கறுக்கும். காய்ல இருக்கிற துவர்ப்புப் பொருள் இரும்போட சேர்ந்து கருநீல நிறமாகுது. கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கலம்காரித் துணியில கறுப்பு நிறம் கொண்டுவர்றதும் இதே வேதியியல்தான். கெடுதல் ஒண்ணும் இல்லை, ஆனா பொரியல் பாக்க நல்லா இருக்காது.

எவர்சில்வர் ஏன் நல்ல கத்தி ஆகாது

நம்ம வீட்டு டம்ளரும் தட்டும் எவர்சில்வர். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், கத்தியும் ஸ்டெயின்லெஸ்தான். அப்ப அதே தகட்டுல கத்தி செஞ்சா என்ன?

ஸ்டெயின்லெஸ்னு சொல்லணும்னா குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கணும். இந்தக் குரோமியம் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் போட்டுக்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானா மறுபடி உருவாகும். அதனாலதான் துரு பிடிக்கிறதில்லை.

பாத்திரம் செய்யற எவர்சில்வர்ல வழக்கமா சுமார் 18 சதவீதம் குரோமியத்தோட 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் சேர்ந்ததால அந்த உலோகத்தைக் காய்ச்சித் தோய்ச்சாலும் இறுகாது. அச்சுல அழுத்தி டம்ளர் செய்ய அது அருமையான குணம். கூர் நிக்கணும்னா அது பெரிய குறை. கத்திக்கு வேற வகை வேணும்: நிக்கல் இல்லாம, கார்பன் கொஞ்சம் கூடுதலா இருக்கிற, சூட்டுல இறுகக்கூடிய ஸ்டெயின்லெஸ்.

வீட்டுலயே பாக்க ஒரு சின்ன சோதனை இருக்கு. ஃபிரிட்ஜ் காந்தத்தை அலகுல வெச்சுப் பாருங்க. கத்திக்கேத்த எஃகுன்னா நல்லா ஒட்டும். ஒட்டவே இல்லைன்னா அது பாத்திர உலோகமா இருக்க வாய்ப்பு அதிகம். வெண்ணெய் தடவ வெச்சுக்கலாம். ஆனா ஒட்டினாலே நல்ல கத்தின்னு அர்த்தம் இல்லை. கார்பன் குறைவான மட்டமான எஃகும் காந்தத்துல ஒட்டும்.

ஸ்டெயின்லெஸ் கத்தி: பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான்

1913-ல இங்கிலாந்துல, ஷெஃபீல்ட் நகரத்துல ஹாரி பிரியர்லின்னு ஒருத்தர் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் அரிச்சுத் தேயுதேன்னு அதுக்கு உலோகம் தேடிட்டு இருந்தார். சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த ஓர் எஃகு அமிலத்துக்கு மசியலை. ஷெஃபீல்ட் கத்திக்குப் பேர்போன ஊர் இல்லையா, அவருக்கு உடனே சாப்பாட்டு மேசைக் கத்தி ஞாபகம் வந்திருச்சு. ஆனா முதல்ல செஞ்ச கத்திகள் சரியா வெட்டலை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவர்னு அவரைக் கேலி பண்ணினாங்க. அந்தப் புது எஃகை எந்தச் சூட்டுல காய்ச்சி எப்படிப் பதமாக்கணும்னு பட்டறைகளுக்குப் பிடிபட நாளாச்சு.

அந்தக் கேலிக்குள்ள இருக்கிற சிக்கல் இன்னைக்கும் தீரலை. கார்பனும் குரோமியமும் ஒண்ணையொண்ணு இழுக்கும். கூர் நிக்கணும்னு கார்பனைக் கூட்டினா, அது குரோமியத்தைப் பிடிச்சு கார்பைடு துகளா மாத்திடும். அப்ப துருவைத் தடுக்க மீதியாகிற குரோமியம் குறையும். துருவே கூடாதுன்னு கார்பனைக் குறைச்சா கூர் நிக்காது. ஒவ்வொரு ஸ்டெயின்லெஸ் கத்தியும் இந்த இழுபறியில ஏதோ ஓர் இடத்துல நிக்குது.

எங்க நிக்குதுன்னு சில சமயம் அலகு மேலயே எழுதியிருக்கும். சீன எஃகுப் பெயர்ல முதல் எண் கார்பன், அடுத்த எண் குரோமியம். "3சிஆர்13"ன்னா சுமார் 0.3 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். பழம் நறுக்கப் போதும். "5சிஆர்15"ன்னு ஆரம்பிச்சா 0.5 சதவீதம் கார்பன். தினசரி சமையலுக்கு நல்ல தேர்வு. ஜெர்மன் கத்திகள்ல பாக்கிற "எக்ஸ்50"ங்கிறதும் அதே 0.5 சதவீதம்தான். வெறும் "ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்"னு போட்டிருந்தா அதை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க. எவ்வளவு 'ஹை'ன்னு அதுல சொல்லலையே.

இந்த நடுத்தர வகையோட குறை, கூர் சீக்கிரம் மடங்கும். ஆனா மடங்கும், உடையாது. அதனால தீட்டுக்கோல்ல நாலு தடவை இழுத்தா நிமிர்ந்துடும். முருங்கைக்காயை வெட்டலாம், சின்ன எலும்புல பட்டாலும் பயமில்லை, வீட்டுல யார் கையில கொடுத்தாலும் தாங்கும். கூட்டுக் குடும்பத்துச் சமையலறைக்கு இந்தப் பொறுமைதான் பெரிய தகுதி.

விலை கூடின எஃகு

ஜப்பான்லேர்ந்து வர்ற "விஜி-10" மாதிரி எஃகுகள்ல கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். கடினம் 60 பக்கம். துருவும் குறைவு, கூரும் நிக்கும். அதுக்கு மேல போனா பொடி உலோகவியல் எஃகு. உருகின எஃகை வாயு அழுத்தத்துல பொடியாத் தூவி, அந்தப் பொடியை வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் மறுபடி ஒண்ணாக்குவாங்க. இதனால உள்ளே இருக்கிற கார்பைடு துகள்கள் பெருசா திரளாம, பொடிப்பொடியா, சீரா பரவியிருக்கும். மாசக்கணக்குல கூர் நிக்கும்.

நஷ்டம் ரெண்டு. ஒண்ணு, விளிம்பு மெல்லிசு, கடினம் அதிகம். இதை வெச்சுத் தேங்காயைத் தட்டறது, கருணைக்கிழங்குல குத்தித் திருகறது, உறைஞ்ச கறியை வெட்டறது எல்லாம் கூடவே கூடாது. விளிம்புல பிறை பிறையா சில்லு போயிடும். ரெண்டு, சாணை. சில பொடி எஃகுகள்ல வனேடியம் கார்பைடு இருக்கும். சாதாரண சாணைக்கல்லுல இருக்கிற அலுமினியம் ஆக்சைடை விட அது கடினம். அந்த வகைக்கு வைரத்தூள் பதிச்ச கல் வேணும்.

தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட இதைக் கொடுக்கலாமான்னு கேட்டிருந்தாங்க. அவரோட சக்கரம் அரிவாள்மணைக்கும், தடிமனான கத்திக்கும் பொருத்தமானது. அதுல அவர் கை தேர்ந்தவர். மெல்லிய, விலை கூடின அலகை வேகமா சுத்தற உலர்ந்த சக்கரத்துல வெச்சா விளிம்பு சூடாகிப் பதம் கெடலாம். கார்பன் ஸ்டீல் விளிம்பு நீலமாச்சுன்னா வெப்பம் சுமார் 300 டிகிரியைத் தொட்டிருக்குன்னு அர்த்தம். அந்த இடம் மென்மையாயிடுச்சு. எந்தக் கத்தியா இருந்தாலும் நடுநடுவுல தண்ணியில தொட்டு எடுங்கன்னு கேட்டுக்கலாம்.

செராமிக்

வெள்ளையா, பொம்மைக் கத்தி மாதிரி இருக்கும். இது உலோகமே இல்லை. சிர்கோனியம் ஆக்சைடுப் பொடியை அச்சுல அழுத்தி, சூளையில சுட்டுச் செய்யறது. விக்கர்ஸ்னு இன்னொரு கடின அளவு இருக்கு. அதுல நல்ல ஜப்பானியக் கத்தி சுமார் 700 வந்தா, இது சுமார் 1200 வரும். துருங்கிற பேச்சே இல்லை. புளிப்பு ஒண்ணும் பண்ணாது. எடை ரொம்பக் குறைவு.

இந்த எடை விஷயம் எங்க வீட்டுல முக்கியமாச்சு. அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, விரல் மூட்டுல வலி. கனமான கத்தியைப் பிடிச்சு அழுத்தி வெட்ட முடியலை. பீன்ஸ், வெள்ளரி, பழம் நறுக்க ஒரு சின்ன செராமிக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பூசணிக்காய்க்கு அதைத் தொடக் கூடாதுன்னும் சொல்லி வெச்சிருக்கேன். பக்கவாட்டுல திருகினா முனை உடையும். தரையில விழுந்தா ரெண்டாகலாம். மழுங்கினா வீட்டுல தீட்ட வைரக்கல் வேணும், பொறுமையும் வேணும்.

செராமிக்ல வெட்டினா ஆப்பிள் நிறம் மாறாதுன்னு விளம்பரத்துல வரும். பாதி உண்மை. வெட்டின ஆப்பிளும் கத்திரிக்காயும் பழுப்பாகறதுக்கு முக்கியக் காரணம் அதுக்குள்ளேயே இருக்கிற நொதி காத்தோட சேர்றது. கூரான எந்தக் கத்தியும் காயை நசுக்காம வெட்டும், அதனால பழுப்பாகறது கொஞ்சம் தாமதமாகும். கார்பன் ஸ்டீலோட ஒப்பிட்டா வித்தியாசம் தெரியும். நல்லா தீட்டின ஸ்டெயின்லெஸோட ஒப்பிட்டா பெருசா தெரியாது.

டைட்டானியம், டமாஸ்கஸ்

டைட்டானியம் பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். லேசானது, கடல் தண்ணியிலகூட துருப்பிடிக்காது, காந்தத்துல ஒட்டாது. கடல்ல மூழ்கி வேலை செய்யறவங்களுக்குப் பயன். கூர் நிக்காததால சமையலறைக்கு வேண்டாம். கடையில "டைட்டானியம் கத்தி"ன்னு தங்க நிறத்துல தொங்கறதுல பெரும்பாலானவை ஸ்டெயின்லெஸ் மேல பூச்சு. ஒருதடவை சாணை பிடிச்சா விளிம்புல அந்தப் பூச்சு போயிடும்.

டமாஸ்கஸ்னு அலை அலையா கோலம் போட்ட கத்தி இப்ப நிறைய விக்குது. அதுல நமக்கு ஒரு சொந்தம் உண்டு. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பேர் வாங்கித் தந்தது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்குகையில உருக்கிச் செஞ்ச எஃகு. ஐரோப்பியர்கள் அதை "வூட்ஸ்"னு சொன்னாங்க. "உக்கு", "உருக்கு"ங்கிற நம்ம சொற்களோட சேர்த்துத்தான் அந்தப் பேரை விளக்குவாங்க. ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல இரும்பு உருக்கின உலைகளோட தடயம் அகழாய்வுல கிடைச்சிருக்கு. மைக்கேல் ஃபாரடேகூட இந்த எஃகை ஆராய்ஞ்சு, ஸ்டோடார்ட்ங்கிற கத்தி செய்யறவரோட சேர்ந்து 1820-ல எஃகுக் கலவைகள் பத்திக் கட்டுரை எழுதினார்.

ஆனா இன்னைக்குக் கடையில பாக்கிறது அது இல்லை. ரெண்டு வகை எஃகை அடுக்கடுக்கா சேர்த்து, அமிலத்துல நனைச்சுக் கோலம் எடுக்கறாங்க. அதுவும் அலகோட பக்கவாட்டுல மட்டும். வெட்டற விளிம்பு நடுவுல இருக்கிற ஒரே எஃகு. கோலம் அழகு, வெட்டறதுல அதுக்குப் பங்கு கிடையாது. நடுவுல என்ன எஃகுன்னு கேளுங்க. விக்கிறவருக்குப் பதில் தெரியலைன்னா கோலத்துக்காகக் காசு கொடுக்காதீங்க. சில மலிவான கத்திகள்ல அந்தக் கோலம்கூட லேசர்ல போட்டதுதான்.

யாருக்கு எது

தினமும் சாம்பார், பொரியல்னு சமைக்கிற வீட்டுக்கு, பல பேர் கை படற சமையலறைக்கு: 0.5 சதவீதம் கார்பன் இருக்கிற ஸ்டெயின்லெஸ் கத்தி ஒண்ணு, ஒரு தீட்டுக்கோல், ஒரு சாணைக்கல். கத்திக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தா, அதுல ஒரு பங்கைக் கல்லுக்கு எடுத்து வெச்சிடுங்க.

மீன், கறி அதிகம் வெட்டறவங்களுக்கு, தேங்காய் உடைக்கிறவங்களுக்கு: தடிமனான கார்பன் ஸ்டீல். துடைச்சு, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி வைக்கிற பழக்கம் இருக்கணும். அரிவாள்மணை பழகின கைக்கு அதை விடச் சொல்ல மாட்டேன். ரெண்டு கையாலயும் காயைப் பிடிச்சுத் தள்ள முடியறதால, பூசணி மாதிரி பெரிய காய்க்கு அது இன்னைக்கும் வசதி.

தானே தீட்டிக்கத் தெரிஞ்சவங்க, கத்தியை வேற யாருக்கும் கொடுக்காதவங்க: 60-க்கு மேல கடினம் இருக்கிற எஃகுக்குப் போகலாம். கை வலு குறைஞ்சவங்களுக்குப் பழம், மென்மையான காய்க்கு மட்டும் செராமிக்.

வாங்கும்போது இன்னொண்ணையும் பாருங்க. அலகை விளிம்புப் பக்கமிருந்து கண்ணுக்கு நேரா பிடிச்சு, கூருக்கு மேல எவ்வளவு தடிமன் இருக்குன்னு பாருங்க. தடிமனா இருந்தா எவ்வளவு நல்ல எஃகா இருந்தாலும் கேரட்டை வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கும். மெல்லிசா தீட்டின சாதாரண எஃகு, தடியா இருக்கிற விலையுயர்ந்த எஃகைத் தினசரி வேலையில தோற்கடிச்சிடும்.

கடைசியா, கண்ணாடிப் பலகையிலும் கிரானைட் மேடையிலும் வெச்சு வெட்டாதீங்க. ரெண்டும் எந்த எஃகு விளிம்பையும் கெடுத்துடும். மரப்பலகை போதும். எந்த மரம், பிளாஸ்டிக் பலகை பரவாயில்லையாங்கிறதை அடுத்த பகுதியில பேசுவோம். உங்க வீட்டுக் கத்தியில ஏதாவது எண் எழுதியிருந்து புரியலைன்னா எழுதி அனுப்புங்க, சேர்த்துப் பாத்துடலாம்.